மழையில் வெட்டிய கொடி

நேற்று திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். பழவங்காடியில் பஸ் இறங்கி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிற்கிறவர்களின் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தால், பழக்கடைகள் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிட்டது. கறுப்பு முந்திரிப்பழம். கம்பத்திலிருந்து லாரியில் வந்த திராட்சை, பெட்டிக்குள் பழைய பேப்பருக்கு நடுவே. அந்த வாசனை வந்தால் எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் நினைவு வருமாம். எனக்கு வந்தது கோபம். உன்மேல்தான், வேறு யார்மேல்?

கடைக்காரர் ஒரு குலையைத் தூக்கிக் காட்டினார். நான் பழத்தைப் பார்க்கவில்லை. காம்பைத் திருப்பி, வெட்டின இடம் பச்சையாக இருக்கிறதா, கறுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "காம்ப என்னத்துக்கு அக்கா பாக்கீங்க? பழத்தத் தின்னு பாருங்க" என்று அவர் சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்? நீ போய் இத்தனை வருஷமான பிறகும், கடையில் நின்று காம்பை முறைத்துப் பார்க்கிறவளாக என்னை ஆக்கிவிட்டுப் போயிருக்கிறாய்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உயிரோடு இருந்தவரை என்னை நீ ஒரு வாக்கியம் முழுதாகச் சொல்லவிட்டதில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் ஆயுள் பாதியைக் கழித்தவர்கள் நாம். யாரோ துபாய்க்காரன் மனைவியிடம் அழுதுகொண்டிருக்கும்போதே "நேரம் ஆச்சு" என்று நடுவே நுழைவது நம் வேலை. நான் அந்தப் பழக்கத்தை ஆபீசிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவேன். நீ வீட்டுக்கும் கொண்டுவந்தாய். இப்போது நான் பேசுகிறேன். இணைப்பைத் துண்டிக்க உனக்கு வழியில்லை.

முதலில், அந்தத் திராட்சைக் கொடி வந்த கதை. சபைப் பெண்கள் சங்கத்தில் தேக்கடிக்குச் சுற்றுலா போனோம். யானை பார்த்தது போதாது, கம்பத்துக்கு இறங்கித் திராட்சைத் தோட்டமும் பார்க்கவேண்டும் என்று டிரைவரிடம் சண்டை பிடித்தவள் நீ. தோட்டத்துப் பந்தலுக்கடியில் எல்லாரும் தலைக்கு மேல் தொங்கிய குலைகளைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றபோது, நீ மட்டும் தரையைப் பார்த்தாய். கவாத்து செய்து வெட்டிப் போட்ட கம்புகள் வரப்போரம் குவிந்து கிடந்தன. தோட்டக்காரரிடம் ஒரு கட்டு கேட்டாய்.

"எந்த ஊரும்மா?" என்றார் அவர்.

"திருவனந்தபுரம்."

"அங்க அடிக்கிற மழைக்கு இது தாங்காதும்மா."

"எங்க ஊர் மழைய எங்களுக்குத் தெரியும்" என்றாய். அவர் மேலும் ஏதோ சொல்ல வந்தார். பேசவிட்டால்தானே? கம்புக் கட்டை ஈரத் துண்டில் சுற்றி, நீ மடியில் வைத்துக்கொள்ளவில்லை, என் மடியில் வைத்தாய். உனக்கு ஜன்னலோரக் காற்று வேண்டும், கையில் வேர்க்கடலை இருந்தது. ஊர் வந்து சேரும்வரை என் சேலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது.

நேமத்தில் நம் இரண்டு வீடுகளுக்கும் நடுவே இருந்த குட்டை மதிலின் ஓரத்தில் அதை நட்டாய். வேரும் மூடும் உன் பக்கம். பந்தல் போட்டபோது உன் பக்கத்து இடம் போதவில்லை என்று, என்னைக் கேட்காமலே இரும்புக் குழாயை என் கிணற்றடிவரை நீட்டினாய். நான் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்து பார்த்தபோது என் வீட்டுக்காரர் உனக்காக ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "நெழலு கிடைக்குமே பிள்ளே, நன்றி சொல்லு" என்று மேலேயிருந்து எனக்கு உத்தரவு வந்தது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். முதல் இரண்டு மூன்று காய்ப்பு நன்றாகவே இருந்தது. கம்பத்துப் பழத்தின் இனிப்பு இல்லை, ஆனால் நிறம் இருந்தது, மணம் இருந்தது. வைனுக்காகப் பீங்கான் பரணியில் பழத்தைப் பிசைந்து போட்டு, சர்க்கரையும் கோதுமையும் சேர்த்து, வாயைத் துணியால் கட்டி, தினமும் மரக்கரண்டியால் கிண்டினாய். கிறிஸ்துமஸுக்கு வந்தவர்களெல்லாம் இன்னொரு கிளாஸ் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் உனக்குத் தலையில் கிரீடம் முளைத்தது. நம் சபைக் கோயிலில் திருவிருந்துக்கும் நம் வீட்டுக் கொடியின் திராட்சரசமே இருக்கட்டும் என்று போதகரிடம் கேட்டாய். அவர் நல்ல மனுஷர், சரி என்றார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் ரசப் பாத்திரம் வரிசையாக வரும்போது எல்லாரும் கண்ணை மூடியிருக்க, நீ ஒருத்தி மட்டும் ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாய். எனக்குத் தெரியும். நானும் கண்ணைத் திறந்து உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸ் என்ற அந்தப் பிடிவாதம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. கவாத்து செய்து நாலு மாதம் கழித்துத்தான் பழம் பறிக்கமுடியும். அதன்பிறகு அது பரணியில் ஊறவேண்டும், தெளியவேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வெட்டுவது ஆனியிலோ ஆடியிலோ வரும். அதாவது இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது. ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கப்பக்கிழங்கு அவித்துத் தின்கிற நாளில், நீ கத்திரியும் அரிவாளுமாக ஏணியில் ஏறுவாய். நான் கீழே நின்று உனக்குக் குடை பிடிக்கவேண்டும். குடை உன் தலைக்கு, மழை என் தலைக்கு. வெட்டின இடமெல்லாம் நனைந்து நீர் வடிந்துகொண்டிருக்கும்.

"மழ விட்டபெறவு வெட்டக்கூடாதா?" என்று கேட்டேன்.

"மழ விடுத வரைக்கும் இருந்தா கிறிஸ்மஸுக்கு ஒனக்க தலையத்தான் பிழியணும்."

வெட்டின கம்புகளை எறிய உனக்கு மனசு வராது. சிறுசாக நறுக்கி, கட்டுக் கட்டாகக் கோயிலுக்குக் கொண்டுபோய், ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று விநியோகம் செய்வாய். யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்பதெல்லாம் உனக்கு முக்கியமில்லை. கட்டைச் சுமந்தது நான். கரமனையில், பாப்பனங்கோட்டில், பூஜப்புரையில், நம் சபைக்காரர்கள் வீட்டுக்கு வீடு உன் கொடி முளைத்தது.

பிறகு ஒரு வருஷம், பந்தலில் என் வீட்டுப் பக்கம் போன கிளை மட்டும் வேறு மாதிரித் தளிர்த்தது. தளிர் நீளவில்லை. இலை சின்னதாக, சுருங்கி, மஞ்சளாக, ஓரம் தீய்ந்தது போல. குலையில் பாதிப் பழம் உளுந்து அளவிலேயே நின்றுவிட்டது. மீதி கறுக்கவே இல்லை, சிவப்போடு நின்றுபோனது. நான் காட்டியபோது நீ இலையைப் பார்க்காமல் என் கிணற்றடியைப் பார்த்தாய்.

"நீ சோப்புத் தண்ணிய இஞ்ச கொட்டுத. அதுதான்."

"வேரு ஒனக்க பக்கத்துல இருக்கு. எனக்க சோப்புத் தண்ணி மதிலு ஏறியா வரும்?"

"வரும், வரும். ஒனக்குத் தெரியாது."

அந்த வருஷம் முழுக்க நான் துணியைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய்த் துவைத்தேன். நீ மீன் கழிவைக் கொண்டுவந்து மூட்டில் புதைத்தாய். ஊர்ப் பூனையெல்லாம் நம் மதில்மேல் வந்து உட்கார்ந்தது. கெட்ட நேரம், அடுத்த வருஷம் அந்தக் கிளை எல்லாக் கிளையையும் போலத் தளிர்த்துக் காய்த்துவிட்டது. "பாத்தியா, பாத்தியா?" என்று நீ எக்ஸ்சேஞ்சில் டீ கொண்டுவருகிறவர் உட்பட எல்லாரிடமும் என் சோப்புத் தண்ணீர்க் கதையைச் சொன்னாய். இந்த நோய் அப்படித்தான் செய்யுமாம். ஒரு வருஷம் தலையைக் காட்டும், மறு வருஷம் ஒளிந்துகொள்ளும், உள்ளே மட்டும் போய்க்கொண்டே இருக்கும். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அதற்கடுத்த மாசி வெயிலில் கிளை ஒன்று நின்ற நிலையிலேயே பட்டுப்போனது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, இலையெல்லாம் வெந்த கீரை மாதிரித் தொங்கியது. உன்னிடம் சொல்லிப் பயனில்லை என்று நானே விவசாய ஆபீசுக்கு, கிருஷி பவனுக்குப் போய் அங்கிருந்த ஆபீசரைக் கையோடு அழைத்துவந்தேன். இளவயசுப் பெண், ஸ்கூட்டரில் வந்தாள். பட்ட கிளையைக் குறுக்கே அறுத்து, வெட்டுமுகத்தை நமக்குக் காட்டினாள். வட்டமான கட்டையில், கேக் துண்டு வெட்டி எடுத்தது போல, நடுவிலிருந்து ஓரம்வரை ஒரு பகுதி மட்டும் பழுப்பாகச் செத்திருந்தது. மீதி வெள்ளையாக, ஈரமாக உயிரோடு இருந்தது.

"வெளிய ஒண்ணும் அறியில்லா சேச்சி. உள்ளிலாணு சூக்கேடு" என்றாள். நோய் உள்ளே இருக்கிறது என்று மலையாளமும் தமிழுமாக அவள் பொறுமையாக விளக்கினாள். ஒரு பூசணம். மழையில் பறந்து வந்து, பச்சை வெட்டுக்காயத்தின் வழியே தடிக்குள் நுழைகிறது. தண்ணீர் ஏறுகிற வழியை அடைக்கிறது. அதனால்தான் பழம் பழுக்காமல் நிற்கிறது, பழுத்தாலும் இனிப்பு ஏறுவதில்லை. மருந்து அடித்துத் தீராது. கறை தீர்ந்து வெள்ளைத் தடி தெரிகிற வரைக்கும் கீழே கீழே அறுக்கவேண்டும், முழங்கால் உயரம் ஆனாலும் சரி. வெயில் நாளில் அறுத்து, காயத்தில் போர்டோ பசை பூசி, அறுத்த கட்டையை எரித்துவிட்டால், அடியிலிருந்து புதுத் தளிர் வரும். அதை வளர்த்துப் பந்தலில் ஏற்றலாம்.

"கிறிஸ்மஸுக்குக் காய்க்குமா?" என்றாய்.

"ரெண்டு கொல்லம் ஒண்ணும் கிட்டில்லா சேச்சி. பின்னே, மழயத்து ஒரிக்கலும் வெட்டருது. தனு மாசத்தில வெட்டணும். அப்போ ஈஸ்டரினு பழம் கிட்டும்."

இரண்டு வருஷம் பழமில்லை, மழையில் கத்தி படக்கூடாது, இனி மார்கழியில் வெட்டி ஈஸ்டருக்குத்தான் பழம் என்றதும் உன் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. ஆனால் நான் மறக்காமல் வைத்திருப்பது அதற்கப்புறம் நடந்ததைத்தான். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அவள் கேட்டாள்: "இதில நின்னு கம்பு ஆர்க்கெங்கிலும் கொடுத்திட்டுண்டோ? கம்பு வழி சூக்கேடு போகும்."

"இல்ல. ஆருக்கும் கொடுக்கல்ல" என்றாய்.

நான் உன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஈரக் கட்டுகளைத் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோனவள் நான். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் போனதும், "வெளியாளுட்ட எல்லாத்தயும் சொல்லிட்டா இருப்பாவ?" என்றாய். பட்ட கிளையை மட்டும் வெட்டினாய். தடியில் கறை அப்படியே இருந்தது. அந்த ஆடியிலும் மழையில் ஏணி ஏறினாய். நான் குடை பிடிக்க வரவில்லை. நீ தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு வெட்டினாய்.

அந்த வருஷத்து ரசத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? பழம் பாதி பழுக்கவே இல்லை. பிழிந்தால் நிறமில்லாத புளித்தண்ணீர். சர்க்கரை போட்டாய், புளிப்பு போகவில்லை. இன்னும் போட்டாய். நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்கி ஊற்றினாய். அது போதாமல் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர். நான் சமையலறையில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். "இந்த ஒரு வருஷம் சாலைக் கடையில பழம் வாங்குவோம்" என்றதற்கு, "லாரியில வந்த பழத்தயா ஆண்டவருக்கு வைக்கது?" என்று கேட்டாய். பீட்ரூட் தண்ணீரை வைக்கலாமாம்.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் பாத்திரம் வந்தது. குடித்தவர்கள் முகத்தைச் சுளிக்கமுடியாமல் குனிந்தபடியே இடத்துக்குத் திரும்பினார்கள். கடைசியில், மிச்சமானதை எல்லாம் போதகர் குடித்துத் தீர்க்கவேண்டும் அல்லவா? அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் குடித்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். ஜெபிக்கிறார் என்று சபை நினைத்தது. அடுத்த வாரம் அவர் உன் வீட்டுக்கு வந்து, டீ குடித்து, உன் உடம்பை விசாரித்து, கடைசியில் மெதுவாக, திருவிருந்துக்கு இனி வேறு ஏற்பாடு செய்துகொள்வதாகச் சொன்னார். அவர் போன கையோடு நீ மதிலண்டை வந்து, "நீதானே போய்ச் சொன்ன?" என்று என்னைக் கேட்டாய். அவருக்கு நாக்கு இல்லையா?

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்கமுடியாமல் போனது தேவராஜ் அண்ணாச்சி விஷயம்.

அண்ணாச்சியும் அவர் மனைவியும் கரமனை ஆற்றங்கரையில் பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்தக் கொடியைப் பிள்ளை மாதிரி வளர்த்தார்கள். நீ கொடுத்த கம்பு. ஞாயிற்றுக்கிழமை தோறும் அது எத்தனை தளிர் விட்டது என்று நமக்குச் சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போகமாட்டார். அந்தத் தை மாதம் ஆராதனை முடிந்து அவர் உன்னைத் தேடி வந்தார். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"பிள்ளே, நீ தந்த கொடி பட்டுப்போச்சு. உரம் கூடிட்டுது போல. நல்லா வரணும்னு அள்ளி வச்சேன். நாந்தான் கொன்னுபோட்டேன். எனக்குக் கைராசி இல்ல. நீ ஒண்ணும் நெனைக்காத."

நீ உண்மையைச் சொல்லப்போகிறாய் என்று காத்திருந்தேன். என்ன கல்நெஞ்சமாக இருந்தாலும் சொல்லித்தானே ஆகவேண்டும்? நீ அவர் தோளைத் தட்டி, "போட்டும் அண்ணாச்சி. அறியாம செஞ்சதுதானே" என்றாய்.

அவரை நீ மன்னித்தாய்! உன் வீட்டு நோயைச் சுமந்து கொண்டுபோய் வைத்து, செத்த செடிக்காகத் தூக்கம் கெட்டுப்போன மனுஷரை, பெரிய மனசு பண்ணி நீ மன்னித்தாய். அவர் உனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் நிறுத்தம்வரை பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை. நடுரோட்டில் நின்று கத்தினேன். நீ பொய்க்காரி என்றேன். உனக்குக் கொடியும் முக்கியமில்லை, கோயிலும் முக்கியமில்லை, உன் பெயர் ஒன்றுதான் முக்கியம் என்றேன். வாழ்க்கையிலேயே முதல்முறையாக நீ குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு, "முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்த பஸ்ஸில் ஏறினாய். நான் ஏறவில்லை.

அதன்பிறகு நம் பேச்சு நின்றது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு டிரங்க் காலை மாற்றிவிடவேண்டி வந்தால் நீ என்னை "மேடம்" என்று கூப்பிட்டாய். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தால் உன் மீன்குழம்பு வாசனை என் மூக்கில் ஏறும். ஒரு துண்டு மீன் இந்தப் பக்கம் வராது. ஆபீஸே நம்மைப் பார்த்து ரகசியமாகச் சிரித்தது. அவரவரே நம்பர் சுழற்றுகிற எஸ்.டி.டி. வந்த பிறகு நமக்கு டிரங்க் கால்களும் குறைந்துபோயிருந்தன. இரண்டு பேரும் வெறும் போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாட்களைப் போல நீளமான நாட்கள் எனக்கு வேறு இல்லை.

மாசி பிறந்து ஒரு ஞாயிறு. நீ கோயிலுக்கு வரவில்லை. தேவராஜ் அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஒனக்க கூட்டுக்காரி வீட்டுக்கு வந்தா, தெரியுமா? கையில ரம்பம், பையில அதத் தொடைக்க டெட்டால் குப்பி. வந்ததும் வாசல்ல நின்னே சொல்லுதா, அண்ணாச்சி, கொடிய நீங்க கொல்லல்ல, நான் தந்த கம்புலயே சூக்கேடு இருந்துது, எனக்குத் தெரிஞ்சே மறச்சிட்டேன்னு. எனக்க வீட்டுக்காரி முன்னால வச்சு மாப்பு கேட்டா பிள்ளே. பெறவு வெயில்ல உக்காந்து மூட்டோட அறுத்து, மருந்து பூசி, எரிக்கவேண்டியத எரிச்சிட்டுத்தான் போனா. அடியில பச்ச இருக்கு, தளுக்கும், இனி மழையத்து கத்தி வைக்கக்கூடாதுன்னு சொல்லுதா."

விசாரித்தால், ஒரு வீடு விடாமல் போயிருக்கிறாய். லீவு போட்டுவிட்டு, பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி. பூஜப்புரையில் ஒருத்தி உன்னைத் திட்டினாளாம், நீ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு ரம்பத்தை எடுத்தாயாம். இதையெல்லாம் எனக்கு ஊர் சொல்லித்தான் தெரியவேண்டுமா? மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்ததா, எரிச்சல் வந்ததா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அன்று சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நீ கிணற்றடிக்கு வந்து நின்றாய். கையில் அதே ரம்பம்.

"எல்லாத்தயும் வெட்டியாச்சு" என்றாய். "எனக்கதுதான் பாக்கி. கை வரல்ல. நீ வெட்டு."

நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். மூட்டடியில் மண்டியிட்டு ரம்பத்தை வைத்ததும் ஆரம்பித்தாய். அந்த எடத்துல இல்ல, கொஞ்சம் மேல. ரம்பத்தச் சரிச்சுப் பிடி. டெட்டால் தொட்டியா? ஐயோ, கோணலாட்டுப் போகுதே. இவ்வளவு பேசத் தெரிந்தவளுக்கு அறுக்கத் தெரியாதா என்று ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். திரும்பிப் பார்த்தால் நீ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாய். நான் மறுபடி உட்கார்ந்து அறுத்தேன். முதல் அறுப்பில் பழுப்புக் கறை. கீழே இறங்கி அறுத்தேன், அங்கேயும் கறை. முழங்காலுக்கும் கீழே போன பிறகுதான் வட்டம் முழுக்க வெள்ளையாக வந்தது. நீ குனிந்து அதைத் தொட்டுப் பார்த்து, "போதும்" என்றாய். பந்தல் முழுக்க இலையோடு நின்ற கொடி, மாலைக்குள் வாடித் தொங்கியது. நாம் இரண்டு பேரும் அதை இறக்கி எரித்தோம். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மீன்குழம்பு மதில் தாண்டி வந்தது.

அடுத்த இரண்டு கிறிஸ்துமஸுக்கும் சாலைக் கடைத்தெருவிலிருந்து பழம் வாங்கினாய். உன் கைப்பக்குவத்தில் அதுவரை வந்த வைனிலேயே அதுதான் நல்லது. ஊரே சொன்னது. போதகர் திரும்பவும் கேட்டு வந்து, திருவிருந்துக்கு வாங்கிப்போனார். நீ அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். "அது எனக்க வைன் இல்ல, சாலை வைன்" என்று, புகழ்ந்த ஒவ்வொருத்தரிடமும் சண்டை போட்டாய்.

அடித்தண்டிலிருந்து வந்த தளிர் பந்தலேறி, மார்கழி வெயிலில் முறையாகக் கவாத்து வாங்கி, பங்குனிக் கடைசியில் பழுத்தது. கொஞ்சம்தான். ஆனால் கோடையில் பழுத்த பழம், கறுத்து, தோலில் சாம்பல் படர்ந்து, வாயில் போட்டால் தேன். நம் ஊரில் அப்படி ஒரு பழம் விளையும் என்று நான் நினைத்ததில்லை. ஒன்றைத் தின்று, கொட்டையைத் துப்பி, நீ சொன்னாய்: "ஈஸ்டருக்கு முந்திரிப்பழம்! ஆருக்கு வேணும் இது?" சொல்லிக்கொண்டே குலை முழுவதையும் தின்றுவிட்டாய். எனக்கு மிச்சம் வைத்தது காம்பு.

அந்த ஆடியில் உனக்கு நெஞ்சு வலித்தது. மழை கொட்டியது. ஆட்டோவில் உன்னை அணைத்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆட்டோக்காரரிடம் வழி தப்பு என்று சொன்னாய். பிறகு என் கையைப் பிடித்து, மூச்சு வாங்க வாங்க, ரொம்ப முக்கியமான விஷயத்தை எனக்குப் புதிதாகச் சொல்வதுபோலச் சொன்னாய்:

"மழையத்து கொடியில கத்தி வச்சிராத பிள்ளே. சூக்கேடு ஏறிரும். கேட்டியா?"

யாருக்கு யார் சொல்வது! எத்தனை வருஷம் குடையைப் பிடித்துக்கொண்டு நான் உனக்குச் சொன்னது! பதில் சொல்ல வாயைத் திறந்தேன். உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேட்டேன்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் விடிவதற்குள் நீ இல்லை.

உன் வீட்டை உன் அண்ணன் மகன் விற்றுவிட்டான். வாங்கினவர்கள் கார் நிறுத்த மதிலோரம் சிமெண்ட் போட்டார்கள். கொடியை விடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், முடியவில்லை. ஊரில் நீ அறுத்த கொடிகளில் சில தளிர்த்தன, சில அப்படியே போய்விட்டன. அண்ணாச்சி வீட்டுக் கொடி தளிர்த்தது. அவருக்கு இப்போது ஏணி ஏற முடியாது என்பதால் மார்கழி மாதத்தில் நான்தான் போய் வெட்டிக்கொடுக்கிறேன். மற்ற வீட்டுக்காரர்களும் கூப்பிடுகிறார்கள். உனக்குப் பிடிக்காத சங்கதி ஒன்று சொல்கிறேன்: எல்லா வீட்டிலும் ஈஸ்டருக்குத்தான் பழம்.

நீ எல்லா வீட்டுப் படியிலும் மன்னிப்புக் கேட்டாய், என் வீட்டுப் படியைத் தவிர. சோப்புத் தண்ணீருக்குக் கேட்கவில்லை, போதகரிடம் சொன்னேன் என்று பழி போட்டதற்குக் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை, தீர்த்துக்கொள்ளவும் மனசில்லை. பல் தேய்க்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் உன்னோடு வாக்குவாதம் செய்கிறேன். என் வீட்டுக்காரர் என்ன முணுமுணுப்பு என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறேன்.

போன வருஷம் ஆடியில் ஒரு புதுப் பெண், கல்யாணமாகி நம் சபைக்கு வந்தவள், மழைக்குள் அரிவாளோடு ஏணியில் நிற்பதைப் பார்த்தேன். என்னை அறியாமல் ரோட்டில் நின்றே கத்தினேன்: "மழையத்து கத்தி வைக்காத பிள்ளே, சூக்கேடு ஏறிரும், கேட்டியா?" என் வாயில் உன் குரல், உன் ராகம், உன் அதிகாரம். கூட வந்த அண்ணாச்சி நின்றுவிட்டார். கண் நனைந்து, "அவ சொன்னதத்தான் நீ சொல்லுத" என்றார்.

அது நான் அவளுக்குச் சொன்னது அண்ணாச்சி, அவள் காதில் வாங்காதது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. "ஆமா அண்ணாச்சி, அவ சொன்னதுதான்" என்றேன். இப்போது ஊரில் எல்லாரும் அதை உன் பெயர் சொல்லித்தான் சொல்கிறார்கள்.